தாய்மார் மனநலத்தில் ஆய்வு செய்யப் போகிற நர்சிங் மாணவிகளுக்கு: குமரி மாவட்டத்தில் எங்கிருந்து தொடங்குவது

எம்.எஸ்சி நர்சிங்கில் ஆய்வுத் தலைப்பு கேட்கிற நேரம் வந்தால் வகுப்பில் நாலு பேராவது "பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கேள்வித்தாள் இணையத்தில் கிடைக்கிறது, பத்தே கேள்விதான், தாய்மாரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வருகிறார்கள், ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவிட்டு வருகிற மாதிரியான வேலை இல்லை இது. நீங்கள் கேட்கிற கேள்வியால் ஒருத்தி முதல்முறையாக வாய் திறக்கலாம். "சாகலாம் போல இருக்கு சிஸ்டர்" என்று அவள் சொன்னால் அடுத்த பத்து நிமிஷம் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது, கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டிய விஷயம். இந்த வழிகாட்டியில் வரிசையெல்லாம் அதை வைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

முதலில் மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

பிரசவம் முடிந்து மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், பிள்ளையைப் பார்த்தாலே கண் கலங்குவது என்பது பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். இதற்கு மருந்து வேண்டாம். உறக்கமும், கூட ஒரு ஆளும், "இது எல்லாருக்கும் வர்றதுதான்" என்ற பேச்சும் போதும். இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு விடவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, பிள்ளை உறங்கினாலும் தனக்கு உறக்கம் வரவில்லை, தான் ஒரு கெட்ட தாய் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நம்மூர்த் தாய்மார் பெரும்பாலும் மனசைப் பற்றிப் பேச மாட்டார்கள், "நெஞ்சு பாரமா இருக்கு, தலை கனக்குது, கை கால் தளருது" என்று உடம்பைத்தான் சொல்வார்கள். அதோடு ரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி தளர்ச்சியைத் தரும் என்பதால் தாய் அட்டையில் உள்ள ஹீமோகுளோபின் அளவை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று அல்லது இரண்டுதான், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். ராத்திரி முழுக்க உறங்காமல் நடப்பாள், பேச்சு கோர்வையாக இருக்காது, யாரோ பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்பாள், காதில் குரல் கேட்கிறது என்பாள். இது அவசர சிகிச்சை. உங்கள் ஆய்வுக்கு இவள் தகுதியா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். அவளையும் பிள்ளையையும் தனியாக விடக் கூடாது, அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி மனநல மருத்துவர் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். வீட்டார் முதலில் கோயிலுக்கோ, தர்காவுக்கோ, ஜெபத்துக்கோ கூட்டிப் போகப் பார்ப்பார்கள். அவர்களிடம் மல்லுக்கு நிற்காதீர்கள், நேரம்தான் போகும். "அதையும் செய்யுங்க, முதல்ல இன்னைக்கே ஆஸ்பத்திரி" என்று சொல்லி, கூடவே வண்டி ஏறுவதுதான் நடைமுறை.

கேள்வியைச் சுருக்குங்கள்

"கன்னியாகுமரி மாவட்டத்தில் தாய்மாரின் மனநலம்" என்பது தலைப்பே இல்லை. ஒன்பது ஊராட்சி ஒன்றியம் இருக்கிறது; தூத்தூர் கடற்கரையும் பேச்சிப்பாறை மலையும் ஒரே மாவட்டம் என்பது வரைபடத்தில் மட்டும்தான். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கணவன் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வர மாட்டான். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டுகிற குடும்பங்களில் விடியும் முன்னே வேலை தொடங்கிவிடும், மழைக்காலத்தில் வருமானம் தட்டுப்படும். நாகர்கோவிலில் படித்த பெண், கணவன் வளைகுடாவில், மாமியார் வீட்டில் இவளும் பிள்ளையும் மட்டும். இந்த மூன்று பேரின் ராத்திரியும் ஒன்றல்ல. ஒரு ஒன்றியம், ஒரு வகைக் குடும்பம், ஒரு காலகட்டம் என்று எடுத்தால் ஆய்வுக்கு உருப்படியான கேள்வி கிடைக்கும். உதாரணத்துக்கு, "முஞ்சிறை ஒன்றியத்துக் கடலோர ஊர்களில், கணவன் கடலில் இருக்கும் தாய்மாருக்குப் பிரசவம் முடிந்து ஆறு முதல் பதினான்கு வாரத்துக்குள் மனச்சோர்வு அறிகுறி எவ்வளவு?"

கடலோரத்தை எடுத்தால் காலத்தையும் யோசியுங்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன், ஜூலை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடைக்காலத்தில் கணவன் வீட்டில் இருப்பான், கையில் காசு இருக்காது. சில வீட்டில் அது தாய்க்கு ஆறுதல், சில வீட்டில் சண்டை. பாதித் தாய்மாரைத் தடைக்காலத்திலும் மீதியை அதற்கப்புறமும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டால் எதை அளந்தோம் என்று உங்களுக்கே விளங்காது. குறைந்தபட்சம் நேர்காணல் தேதியை ஒரு மாறியாகவாவது பதிந்து வையுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்

இங்கேதான் பலர் தங்கள் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரின் பழைய மாணவி எழுதிய எண்ணை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். பரவலை, அதாவது நூற்றுக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதைக் கணக்கிடுகிற ஆய்வு என்றால் 4 பெருக்கல் ப பெருக்கல் க, அதை பிழை அளவின் வர்க்கத்தால் வகுப்பது. ப என்பது எதிர்பார்க்கும் சதவீதம், க என்பது 100-இலிருந்து அதைக் கழித்தது, பிழை அளவு என்பது கிடைக்கிற சதவீதம் எவ்வளவு முன்னே பின்னே போகலாம் என்று நீங்கள் ஒப்புக்கொள்வது. ப-வுக்கு எந்த எண்ணைப் போடுகிறீர்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

வேலூர் பக்கம் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் சந்திரனும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்து 2002-இல் வெளிவந்த ஆய்வில் 11 சதவீதம். 2017-இல் இந்திய ஆய்வுகள் 38-ஐத் தொகுத்துப் பார்த்தபோது 22 சதவீதம். இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒரே பொருள் இல்லை. வேலூர் எண், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலிருந்தே தாய்மாரைப் பின்தொடர்ந்து, பிரசவத்துக்கு அப்புறம் புதிதாக வந்த நோயைக் கட்டமைத்த நேர்காணல் வழியாகக் கண்டது. தொகுப்பு எண்ணில் கேள்வித்தாள் வழியே எடுத்த ஆய்வுகள் நிறைய. நீங்கள் கேள்வித்தாளோடு ஒரு தடவை மட்டும் போய்ப் பார்க்கப் போகிறவர் என்றால் 22-ஐ எடுங்கள். பிழை அளவு 5 என்றால் 275 பேர். 11-ஐ எடுத்தால் 157 பேரோடு முடிந்துவிடும், அதனால்தான் கை அந்தப் பக்கம் போகும். ஆய்வுக்குழுவில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

அந்த வேலூர் ஆய்வை எண்ணுக்காக மட்டும் புரட்டாதீர்கள். குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண்பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கர்ப்பகாலத்தில் நடந்த கெட்ட சம்பவங்கள், கை உதவிக்கு ஆள் இல்லாதது என்று அவர்கள் கண்ட காரணங்கள் உங்கள் பின்னணித் தாளில் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தயாராகவே தருகின்றன. பலர் மதம், சாதி, கல்வி, வீட்டுக் கூரை வகை என்று பதினைந்து கேள்வி வைத்துவிட்டு, "ராத்திரி பிள்ளை அழுதால் எழுந்திருக்க வேறு யார் இருக்காங்க?" என்ற ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

தாய்மாரை எங்கே சந்திப்பது

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று பிள்ளைக்கு ஊசி போட வருகிற தாய்தான் உங்களுக்கு வேண்டிய தாய். கிராம சுகாதார செவிலியரிடம் யாருக்கு எந்த வாரம் ஊசி என்ற பட்டியல் இருக்கும். அவர் உதவியில்லாமல் இந்த ஆய்வு நடக்காது, அதனால் முதல் நாளே போய்ப் படிவத்தை நீட்டாமல் ஒரு தடுப்பூசி நாள் முழுக்கக் கூட நின்று எடை பார்க்கவும் அட்டை எழுதவும் கை கொடுங்கள்.

இதில் இரண்டு ஓட்டை. தனியார் ஆஸ்பத்திரியிலோ திருவனந்தபுரத்திலோ பெற்று, ஊசியும் அங்கேயே போட்டுக்கொள்கிறவர்கள் உங்கள் கண்ணில் படமாட்டார்கள். அடுத்தது, முதல் பிரசவம் தாய் வீட்டில். ஆறாவது வாரம் தோவாளையில் பார்த்த பெண் பதினான்காவது வாரம் கருங்கலில் கணவன் வீட்டில் இருப்பாள். ஒரு தடவைக்கு மேல் பார்க்கிற ஆய்வு என்றால் இரண்டு வீட்டு ஊரையும் முதலிலேயே கேட்டு வையுங்கள். இடம் மாறுகிற அந்த நேரம் பலருக்கு மனசளவில் கஷ்டமான நேரமும்கூட, அதைக் கேள்வியாகவே வைத்தாலும் தகும்.

அளவுகோல்

காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி மூவரும் 1987-இல் வெளியிட்ட, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அறிகுறியைப் பார்க்கிற எடின்பரோ அளவுகோலைத்தான் எல்லாரும் எடுப்பார்கள், நீங்களும் எடுக்கலாம். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும். 1, 2, 4 ஆகிய மூன்று கேள்விகளுக்கு மேலிருந்து கீழே 0, 1, 2, 3. மற்ற ஏழுக்கும் தலைகீழாக 3, 2, 1, 0. மதிப்பெண் போடுகிற இடத்தில் அவசரப்பட்டால் முழு ஆய்வும் தலைகீழாகிவிடும்.

தமிழில் சோதித்துப் பார்த்த வடிவம் இருக்கிறது, அதையே எடுங்கள். நீங்களே மொழிபெயர்க்க உட்காராதீர்கள். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் அறிகுறி இருக்கிறது என்று எடுப்பது, அதாவது எல்லை மதிப்பெண் எதை வைப்பது என்பதில் குழப்பம் வரும். ஆங்கில மூலத்தில் 12-க்கு மேல் என்று இருக்கும், தமிழ் வடிவத்தைச் சோதித்தவர்கள் அதைவிடக் குறைந்த எண்ணைத்தான் பரிந்துரைத்தார்கள். எதை எடுத்தாலும் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள், தரவு கைக்கு வந்தபிறகு மாற்றாதீர்கள். விளவங்கோடு பக்கம் மலையாளம்தான் படிப்பேன் என்கிற தாய்மாரும் உண்டு. அவர்களைச் சேர்க்கப் போகிறீர்களா, விடப் போகிறீர்களா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

நம் மாவட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். அதனால் பெரும்பாலான தாய்மார் தாங்களே படித்து, தாங்களே டிக் அடித்துவிடுவார்கள். நீங்கள் சத்தமாகக் கேட்டு, அவள் சத்தமாகப் பதில் சொல்லி, கதவுக்கு அந்தப் பக்கம் காது கேட்டுக்கொண்டிருக்கிற நிலைமை வராது. கூகுள் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பல வீட்டில் அந்த போன் கணவன் கையிலும் புழங்குகிறது. பத்தாவது கேள்விக்கு அவள் ஆமாம் என்று அழுத்துகிற நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள்.

பத்தாவது கேள்வி

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதுதான் அது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அந்தத் தாயைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். அதனால் தாளை வாங்கிப் பையில் போடாதீர்கள், அங்கேயே பத்தாவதைப் பாருங்கள். இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று புதியவர்கள் எல்லாருக்கும் பயம் இருக்கும். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்றுதான் பலர் அழுவார்கள்.

பேசும்போது நேராகவே கேளுங்கள்: எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, எப்படிச் செய்யலாம் என்று யோசித்ததுண்டா, அதற்கானது வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு எப்போதாவது முயன்றாளா, பிள்ளையைப் பற்றியும் அப்படி எண்ணம் வந்ததா. எண்ணம் மட்டும் என்றால் அவள் நம்புகிற ஒரு ஆளை அவள் சம்மதத்தோடு சேர்த்துக்கொண்டு, அந்த வாரத்திலேயே மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு. திட்டமும் வழியும் இருக்கிறது, அல்லது பிள்ளைக்கும் ஆபத்து என்றால் அன்றைக்கே, நீங்களும் கூட. இதை ஒரு பக்கத் தாளாக அடித்து, மேலே மருத்துவ அலுவலர், உங்கள் வழிகாட்டி, சம்மதம் சொன்ன மனநல மருத்துவர் ஆகிய மூவரின் போன் எண்ணையும் எழுதிக் கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், 2022 அக்டோபரில் தொடங்கியது. ஒவ்வொரு தாய்க்கும், மதிப்பெண் எதுவானாலும், இந்த எண் உள்ள சீட்டைக் கொடுங்கள். சிலருக்கு மட்டும் கொடுத்தால் யாருக்கு என்ன என்று வீட்டார் ஊகித்துவிடுவார்கள்.

வீட்டாருக்கு "போலீஸ் கேஸ் ஆயிடுமா" என்ற பயம் இருக்கும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது. "அட்மிஷன் போட்டா பிள்ளையைப் பிரிச்சிருவாங்க" என்பது அடுத்த பயம். அதே சட்டம் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே வைத்துப் பார்க்கிற வார்டு 2009-இலிருந்து இருக்கிறது. பால் கொடுக்கிறவள் மனநல மாத்திரை எடுக்கலாமா என்றும் கேட்பார்கள். பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடியவையும் உண்டு, மருத்துவர் பார்த்துச் சொல்வார் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நிறுத்து என்றோ போடு என்றோ நீங்கள் சொல்ல வேண்டாம்.

அனுமதி, சம்மதம்

கல்லூரி நெறிமுறைக் குழு, அப்புறம் மாவட்ட சுகாதார அலுவலகம், அப்புறம் அந்தந்த வட்டார மருத்துவ அலுவலர், இந்த வரிசைதான். ஆலோசனை கொடுத்துப் பார்க்கிற மாதிரி ஆய்வு என்றால் முதல் தாயைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதற்கும் நாள் பிடிக்கும்.

சம்மதப் படிவத்தில் "உங்கள் தகவல் முழுக்க ரகசியம்" என்று மட்டும் எழுதாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவிக்காக வேறொருவரிடம் சொல்வோம் என்பதும் அதில் இருக்க வேண்டும், படிக்கும்போதே வாயாலும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த தாய் ஒருத்தி வந்தால் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டப்படி போலீஸுக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. குழுவிடம் இதைப் பற்றி முதலிலேயே கேட்டு வைக்காமல் களத்துக்குப் போகக் கூடாது.

வீட்டில் பேசும்போது

இரண்டு பேராகப் போங்கள். "மாமி, பிள்ளைக்க எடையைப் பார்ப்போமா?" என்று ஒருத்தி மாமியாரையும் பிள்ளையையும் முன் திண்ணைக்குக் கூட்டிப் போய்விட்டால் மற்றவளுக்குப் பத்து நிமிஷம் கிடைக்கும். மாமியாரை எதிரியாகப் பார்க்காதீர்கள், அவரும் நாலு பிள்ளை பெற்று யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் வளர்த்தவர்தான். பல வீட்டில் முதலில் "இவ சரியா இல்ல மக்ளே, பார்த்துச் சொல்லு" என்று நம்மிடம் சொல்வதே அவர்தான். ரப்பர் ஊர்களில் காலையில் போனால் வீட்டில் ஆள் குறைவு, தாயோடு பேச நல்ல நேரம். கடலோரத்தில் ஞாயிறு போகாதீர்கள், சர்ச்சுக்குப் போகிற நாள்.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஓகி புயலில் ஆள் இழந்த குடும்பங்கள் இருக்கிற ஊர்களுக்குப் போனால் அதைப் பற்றிக் கிண்டிக் கேட்காதீர்கள். அன்றைக்குச் சிறுமியாக இருந்து அப்பாவை இழந்தவள் இன்றைக்குத் தாயாக உங்கள் முன் உட்கார்ந்திருக்கலாம். அவளாகச் சொன்னால் கேளுங்கள், அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாவிட்டாலும்.

பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்க ஆசை இருந்தால்

ஒரு முதுநிலை ஆய்வுக்கு இது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். செய்வதானால் வயதுக்கு ஏற்ற கருவியை எடுங்கள். இரண்டு வயது வரை திருவனந்தபுரம் வளர்ச்சிக் கண்காணிப்பு அட்டை: பதினேழே அம்சம், ஒரு பென்சிலை நெடுக்காக வைத்துப் பார்த்தால் பிள்ளை எங்கே பின்தங்குகிறது என்று தெரிந்துவிடும், பக்கத்து ஊரில் உருவானது என்பதால் நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பெரிய பிள்ளைகளுக்கு நடத்தையும் மனநிலையும் பார்க்கிற, குட்மேன் 1997-இல் வெளியிட்ட இருபத்தைந்து கேள்வித் தாள் இருக்கிறது. ஏழு வயதுக்கு மேல் பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் அது எழுத்திலும் வேண்டும். தாயின் மதிப்பெண் அதிகம், பிள்ளையின் வளர்ச்சி குறைவு என்று வந்தால் "தாயின் மனச்சோர்வால் பிள்ளை பின்தங்கியது" என்று எழுதிவிடாதீர்கள். எடை குறைந்து, அடிக்கடி நோய்ப்படுகிற பிள்ளையை ஒத்தையாக வளர்ப்பதாலேயே அவளுக்குச் சோர்வு வந்திருக்கலாம். ஒரே தடவை எடுத்த தரவு எது முதல், எது பிறகு என்று சொல்லாது.

எழுதுவது

எடின்பரோ அளவுகோலில் எல்லை தாண்டியவர்களை "மனச்சோர்வு நோயாளிகள்" என்று எழுதக் கூடாது. அறிகுறி காட்டியவர்கள், மேற்பரிசோதனை தேவைப்படுகிறவர்கள், அவ்வளவுதான். எத்தனை பேரை மேல்சிகிச்சைக்கு அனுப்பினீர்கள், எத்தனை பேர் உண்மையில் போனார்கள், போகாதவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை ஒரு அட்டவணையாகப் போடுங்கள். ஆய்வேட்டில் மிக உபயோகமான பக்கம் அதுவாகத்தான் இருக்கும், பெரும்பாலான ஆய்வேடுகளில் அது இருப்பதில்லை.

அடையாளம் மறைப்பதில் ஒரு விஷயம். பெயரை எடுத்துவிட்டால் போதாது. ஊர், வயது, கணவன் தொழில், எத்தனையாவது பிள்ளை என்று நாலையும் ஒரே வரியில் எழுதினால், நம்மூர் அளவுக்கு அது யார் என்று அடுத்த தெருவுக்கே தெரியும். ஊரை ஒன்றியமாக்குங்கள், வயதைத் தொகுதியாக்குங்கள். பெயர்ப் பட்டியலும் கேள்வித்தாளும் ஒரே பையில் இருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்து கல்லூரியில் கொடுத்த அப்புறம், அந்த ஆரம்ப சுகாதார நிலையத்து மாதாந்திரக் கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, கிராம சுகாதார செவிலியர்களிடம் ஒரு பக்கத் தமிழ்த் தாள் கொடுங்கள். புள்ளியியல் எதுவும் அதில் வேண்டாம். எத்தனை தாய்மாரைப் பார்த்தோம், எத்தனை பேருக்கு அறிகுறி இருந்தது, எந்த மாதிரி வீட்டில் அதிகம், தடுப்பூசி நாளில் கேட்கக்கூடிய இரண்டு கேள்வி, பக்கத்தில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை எந்த அறையில் இருப்பார், 14416. கடைசி இரண்டும் பெரிய எழுத்தில்.